கோபுரத்தின் மீதிக் கதை

எங்கள் வரலாற்று சாரிடம் படித்தவர்கள் யாருக்கும் சோழர்கள் எப்படி வீழ்ந்தார்கள் என்று தெரியாது. ராஜேந்திரன் கங்கை வரை படை அனுப்பி, தண்ணீர் கொண்டுவரச் செய்து, கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பி, ஏரி வெட்டி, விமானத்தின் உச்சியில் கலசம் வைப்பது வரைக்கும் சார் மூச்சு விடாமல் நடத்துவார். கரும்பலகையில் விமானத்தைப் படமாகப் போட்டு, உச்சியில் ஒரு புள்ளி வைத்துவிட்டு சாக்பீஸைக் கீழே வைப்பார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். "அதோட நிறுத்திக்குவோம். மீதியப் புத்தகத்துல பாத்துக்குங்க" என்பார். நாங்களா பார்ப்போம்? அந்த வருஷம் அரையாண்டுப் பரீட்சையில் சோழப் பேரரசின் வீழ்ச்சிக்கான காரணங்களைக் கேட்டிருந்தார்கள். வகுப்பு மொத்தமும் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தது. தலைமையாசிரியர் கூப்பிட்டு விசாரித்ததற்கு, "சின்னப் பசங்க சார், இப்பவே எதுக்கு அதெல்லாம்?" என்று சொன்னாராம்.

சுற்றுலா கூட்டிப்போனாலும் இதே கதைதான். கோயிலை அங்குலம் அங்குலமாகக் காட்டுவார். பக்கத்தில் மாளிகைமேட்டில் அரண்மனை இருந்த இடம் இருக்கிறதே, அதையும் பார்க்கலாம் என்று ஒருவன் கேட்டதற்கு, "அங்க என்னடா இருக்கு, செங்கல்லும் குழியுந்தான்" என்று சொல்லி எங்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அவரிடம் இருந்த ஒரே குணம் இதுதான் என்றுகூடச் சொல்லுவேன். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. பெரிய வெள்ளிக்கு அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். கோயிலில் ஏசுவின் பாடுகளின் வாசகம் வாசிக்க வேண்டிய ஆள் அவர்தான், குரல் அப்படி. ஆனால் வியாழன் மாலையே கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். ஈஸ்டர் பூசைக்கு வெள்ளைச் சட்டையோடு முதல் ஆளாக வந்து நிற்பார். ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும். அவருடைய மனைவி எப்படி இறந்தார் என்று அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. அவர் பேச்சில் அந்த அம்மா எப்போதும் கொள்ளிடத்துக் கெண்டை மீனைக் குழம்பு வைத்துக்கொண்டேதான் இருப்பார்.

சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று தெரிந்தது என் அப்பா செத்த அன்று.

அப்பா விதை வெங்காயம் வாங்கப் பெரம்பலூர் போயிருந்தார். எங்கள் தெருவில் அப்போது சார் வீட்டில் மட்டும்தான் போன். அந்த நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அப்பா சட்டைப்பையில் வைத்திருப்பார். மத்தியானம் சார் எங்கள் வாசலில் வந்து நின்றார். செருப்புப் போடாமல் வந்திருந்தார்.

"ஒண்ணும் பதறாதம்மா. லாரி லேசா இடிச்சிடுச்சாம். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. நல்லாப் பேசுறாராம். உன்னத்தான் கேட்டாராம்."

அம்மா ஒரு பையில் சோப்பு, துண்டு, மாற்று லுங்கி எல்லாம் எடுத்து வைத்தாள். பிளாஸ்கைக் கழுவிக் கஞ்சி ஊற்றிக்கொண்டாள். அரியலூரில் இறங்கி வேறு பஸ் மாறிப் போனோம். வழியெல்லாம் அம்மா பேசிக்கொண்டே வந்தாள். மனுஷன் இனிமேல் தனியாக எங்கேயும் போகக்கூடாது, வீட்டோடு கொஞ்ச நாள் உட்காரட்டும், உப்புக்கண்டம் பொரித்தால் கஞ்சி இறங்கும் என்றெல்லாம் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் எங்களைக் கட்டில் பக்கம் யாரும் கூட்டிப்போகவில்லை. பின்பக்கமாகக் கூட்டிப்போனார்கள். அப்பா இடித்த இடத்திலேயே போயிருந்தார். சாருக்கு வந்த போனிலேயே அதைச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் காரியத்துக்கு வந்தபோது நான் முகம் கொடுக்கவில்லை. அம்மாதான் என்னை அடக்கினாள். "அந்தப் பஸ்ஸுல போற வரைக்கும் எனக்குப் புருஷன் இருந்தாரு. அத அந்த மனுஷன் குடுத்தாரு. நீ சும்மா இரு" என்றாள். அம்மாவின் கணக்கு அது. எனக்கு இன்றும் ஒப்பவில்லை. கஞ்சி பிளாஸ்கோடு பிணவறை வாசலில் அவள் நின்றதைப் பார்த்தவன் நான்.

சார் ஓய்வு பெற்ற பிறகு, கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவைக்குத் துணைத்தலைவர் ஆனார். அந்தச் சமயத்தில்தான் பிரான்சுக்கும் போய் வந்தார். மகளைப் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளைக்கு வேலை போவே என்கிற ஊரில். அங்கே ஒரு பெரிய கோதிக் கோயில் இருக்கிறது. சார் அதைப் பார்த்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் அவரிடம் மழையைப் பற்றிக் கேட்டாலும் போவே, ரேஷனில் சர்க்கரை போடுகிறார்களா என்று கேட்டாலும் போவே என்றாகிவிட்டது.

"அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குதுப்பா. தூண் எங்க முடியுது, கூரை எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. உலகத்துல எந்த கோதிக் கோயிலுக்கும் அம்புட்டு உசரக் கூரை கிடையாது. அந்த ஊரு ஒண்ணும் பெரிய ராஜ்ஜியம் இல்ல. நம்ம அரியலூர் மாதிரிதான். பக்கத்து ஊர்க்காரன் உசரமாக் கட்டிட்டான், அவன விட உசரமாக் கட்டணும்னு ரோசம். பாட்டன் ஆரம்பிச்சான், பேரனுக்குப் பேரன் கட்டுனான். முந்நூறு வருஷம் கழிச்சு அது மேல ஒரு கோபுரம் எழுப்புனான் பாரு! அன்னைக்கு உலகத்துலயே அதவிட உசரமா ஒரு கட்டடம் இல்ல." இங்கே கண்ணாடியைக் கழற்றுவார். "அதோட நிறுத்திக்குவோம். டீ சொல்லு."

எங்கள் ஊர்க் கோயிலும் கோதிக்தான். எப்போதோ வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. கூம்பிய வளைவுகள், உள்ளே கைவிரல் கோத்தது மாதிரிக் கூரை, வெளியே சுவருக்கு முட்டுக் கொடுத்து நிற்கும் முட்டுச்சுவர்கள். அளவில் சின்னதுதான், ஆனால் வெயில் நேரத்தில் உள்ளே போனால் குளுகுளுவென்று இருக்கும். மணி தொங்குவதற்கு முகப்பில் குட்டையாக ஒரு கூண்டு. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் கோயிலுக்குப் பெரிய கோபுரம் கட்டி அதில் சீரியல் பல்பு போட்டார்கள். அந்த வெளிச்சம் எங்கள் ஊர்க் கொல்லை வரை தெரிந்தது. அப்புறம் யாருக்குத் தூக்கம் வரும்?

திருவிழாக் கொடியேற்றக் கூட்டத்தில் சார் எழுந்து போவே கதையைச் சொன்னார். பாட்டன், பேரன், பக்கத்து ஊர் ரோசம், உலகத்திலேயே உயரமான கோபுரம். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. கொள்ளிடத்துக்கு அக்கரையில் நின்று பார்த்தாலும் தெரிகிற மாதிரி முகப்பின் மேல் கோபுரம் கட்டுவது என்று அன்றே முடிவானது.

அதன் பிறகு நடந்த கூத்தை வேறு ஊர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். கோபுரத்துக்குக் கொடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் உபயம் என்று பெயர் வெட்டிய கருங்கல் பலகை பதிப்பதாக ஏற்பாடு. திருப்பூரில் இருப்பவன், சிங்கப்பூரில் இருப்பவன் எல்லாரும் கொடுத்தார்கள். கட்டி முடித்த நிலைகளில் பெயர் பதிக்க இடம் போதவில்லை. விடுபட்டவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதற்காகவே இன்னொரு நிலை எழுப்பினார்கள். பெயர் பதிப்பதற்காகக் கோபுரம் வளர்ந்த ஊர் எங்களுடையதுதான். இதற்கிடையில் மாதாவுக்குப் புதிதாகச் செய்த சப்பரம் பழையதைவிட அகலம். கோயிலைச் சுற்றி வரும்போது மேற்கு மூலை முட்டுச்சுவர் இடித்தது. சும்மா நீட்டிக்கொண்டு நிற்கிற சுவர்தானே என்று அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். மாதா திரும்புவதற்கு இடம் வேண்டுமல்லவா!

நான் அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலை ஒன்றில் லாரிகளை எடை போடும் வேலையில் இருக்கிறேன். கட்டடம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பாரம் ஏறினால் எதுவாக இருந்தாலும் கொஞ்சம் இறங்கும் என்று தெரியும். கோயிலின் கடைசித் தூணுக்கு மேலே கூரை வளைவில் ஒரு விரிசலை நான் பார்த்தேன். முதலில் தலைமுடி அளவுதான். மாதா மாதம் நீண்டது. சாமியாரிடம் சொன்னேன். இன்ஜினியர் பார்த்துவிட்டார், வெயிலுக்குச் சுண்ணாம்பு வெடிப்பதுதான் என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு போனபோது விரிசல் இருந்த இடத்தில் ஜிகினாத் தோரணம் தொங்கியது. சார் தன் கையால் ஏணி போட்டுக் கட்டியதாகச் சொன்னார்கள்.

அந்தத் தூணில் சாய்ந்துதான் என் அம்மா உட்காருவாள். முட்டி வலியால் அவளுக்குச் சாய்மானம் வேண்டும்.

அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு, ஏதோ தோன்றி, போவே கோயிலைப் பற்றிப் போனில் தேடிப் படித்தேன். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் சார் வீட்டில் வண்டியை நிறுத்தினேன்.

"சார், அந்தக் கோபுரம் விழுந்துடுச்சாமே."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "எங்க பாத்த?"

"போன்லதான். அதுக்கு முன்னாடியே ஒருதரம் கூரையும் விழுந்திருக்கு."

"ஆமா."

"நீங்க நேர்ல போயி பாத்தீங்களே, அப்ப கோபுரமே இல்லியா?"

"இல்லப்பா. உள்ள இரும்பும் மரமும் வச்சு முட்டுக் குடுத்திருக்கான். இருந்தாலும் அந்த உசரத்தப் பாத்ததும் எனக்கு அழுகை வந்துடுச்சு."

"அப்ப ஏன் சார் யாருகிட்டயும் சொல்லல?"

கண்ணாடியைக் கழற்றினார். "விழுந்ததச் சொன்னா ஒருத்தன் ஒரு செங்கல் எடுத்து வப்பானா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தத் தோரணத்துக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அம்மா அதுக்குக் கீழதான் உக்காருது சார்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். நான் வண்டியைக் கிளப்பும்போதுதான் "தெரியும்" என்றார். அந்த முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவிடம் எல்லாம் சொல்லி, இடம் மாறி உட்காரச் சொன்னேன். "சாரு இருக்காருல்ல" என்று சொல்லிவிட்டாள்.

திருவிழா அன்று காலை பெரிய பூசை. கோயில் நிரம்பி வாசல் வரை ஆட்கள். பூசை முடிந்துதான் சப்பரம் புறப்படும், அதுதான் வழக்கம். சாமியார் பீடத்துக்கு வரத் தயாராக இருந்தார். சார் பின்பக்கமிருந்து எழுந்து, தோரணம் இருந்த இடத்தை ஒருமுறை பார்த்தார். நானும் பார்த்தேன். ஜிகினாவின் மேல் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது.

சார் நேராக முன்னால் போய் மைக்கை எடுத்தார். "எல்லாரும் கேளுங்க. வெயில் ஏறுது. இந்த வருஷம் மாதா முதல்ல ஊரச் சுத்தி வரட்டும், வந்து பூசை வச்சுக்குவோம். நல்ல நேரம் இது. ஒருத்தர் பாக்கி இல்லாம வெளிய வாங்க, அவசரமில்ல, மெதுவா." குரலில் ஒரு நடுக்கம் இல்லை. பண்டிகை வாசகம் வாசிப்பது மாதிரியே இருந்தது. சாமியார் திகைத்துப்போய் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் சார் கண்காட்ட, வெளியே பேண்டு செட் முழங்கிவிட்டது. பேண்டு முழங்கின பிறகு எங்கள் ஊர்க்காரர்களை உள்ளே பிடித்து வைக்க யாராலும் முடியாது.

கடைசியாக அம்மாதான் உட்கார்ந்திருந்தாள். சார் வந்து கையை நீட்டினார்.

"முட்டி வலிக்குது சார். நான் இங்கயே இருக்கேன்."

"உன் வூட்டுக்காரர் பேர்ல ஒரு மெழுகுவத்தி புடிச்சு வாம்மா. பத்தடி நடந்தாப் போதும்."

நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாக அவளைத் தூக்கி நடத்தி வெளியே கொண்டுவந்தோம். தெருமுனைத் திண்ணை வரை நடத்திப்போய் உட்காரவைத்தோம்.

சப்பரம் மேலத்தெரு திரும்பும்போது சத்தம் கேட்டது. வெடிச்சத்தம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். திரும்பிப் பார்த்தால் கோயில் இருந்த பக்கம் வெள்ளைப் புழுதி. கோபுரத்தின் மேல் நிலை மேற்குப் பக்கமாகச் சாய்ந்து, முகப்பையும் கடைசி வளைவையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. அம்மா சாய்ந்து உட்காரும் தூண் இருந்த இடம் செங்கல் குவியல். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

"மாதா காப்பாத்திட்டா!" என்று யாரோ கத்தினார்கள். ஊரே முழங்கால் போட்டு அழுதது. நானும் அழுதேன், பொய் சொல்லமாட்டேன். மத்தியானத்துக்குள் ஆளாளுக்குக் குவியலில் இறங்கித் தங்கள் பெயர்ப் பலகை உடைந்துவிட்டதா என்று தேட ஆரம்பித்தார்கள். சார் மட்டும் தெருவோரம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அவரை நான் கும்பிடுவதா, சட்டையைப் பிடிப்பதா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான பேரைக் காப்பாற்றியவர் அவர். அத்தனை பேரையும் அங்கே உட்காரவிட்டவரும் அவர்தான்.

அடுத்த ஞாயிறு மைதானத்தில் பந்தல் போட்டுப் பூசை. முடிந்ததும் கூட்டம். மாதாவுக்கு நன்றியாகக் கோபுரத்தை மறுபடி கட்ட வேண்டும், முன்பைவிட உயரமாக. எழுந்தவர்கள் எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். "சாரு, அந்தப் போவே கதையச் சொல்லுங்க. சனங்களுக்குத் தெம்பா இருக்கும்" என்று மைக்கை அவரிடம் கொடுத்தார்கள்.

அவர் வாயைத் திறக்குமுன் அம்மா எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"சார், எனக்கு ஒருதரம் பாதி சொல்லிப் பஸ் ஏத்தி விட்டீங்க. அன்னைக்கு எனக்கு அது வேண்டியிருந்துச்சு. இன்னைக்கு வேண்டாம். அந்தக் கோபுரத்துக்கு என்னாச்சு? முழுசாச் சொல்லுங்க."

சார் அவளையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். முதலில் கூரை விழுந்ததைச் சொன்னார். தூணுக்கு நடுவில் தூண் வைத்து மறுபடி கட்டியதைச் சொன்னார். கோபுரத்தைச் சொன்னார். "கெழக்க கோயில் இருந்துச்சு. மேற்கால தாங்கிப் புடிக்க ஒண்ணுமில்ல. அங்க கோயிலோட முன்பாதிய இன்னும் கட்டல. அதக் கட்டுறதுக்கு முன்னாடியே கோபுரத்த ஏத்திட்டான். சில வருஷந்தான் நின்னுச்சு. ஆண்டவர் விண்ணேற்புத் திருநாள் அன்னைக்கு விழுந்துச்சு." முன்வரிசையில் ஒரு பாட்டி சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்ப சனமெல்லாம் பவனிக்காக வெளிய போயிருந்துச்சு. அதனால யாரும் சாகல."

அவ்வளவுதான். பந்தல் வெடித்தது. "அங்கயும் மாதாதான்!" "பவனிக்குப் போனவங்கள அங்கயும் காப்பாத்தியிருக்கா பாரு!" பெண்கள் கைகூப்பினார்கள். யாரோ வேட்டு ஒன்றைக் கொளுத்திப் போட்டான்.

"இருங்க, இன்னும் இருக்கு" என்றார் சார். "அந்தக் கோயிலுக்கு இன்னைக்கு வரைக்கும் முன்பாதி கிடையாது. எல்லாத்தையும் கோபுரத்துல போட்டுட்டான். அதுக்கப்புறம் அவனால கட்டவே முடியல. நம்ம மேற்கு மூலையில சப்பரத்துக்காக வெட்டுனோமே, அது மாதிரி தாங்க ஆளில்லாம..."

பேரவைச் செயலாளர் எழுந்து வந்தான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். மரியாதையாக, அன்பாகத்தான் சாரின் தோளில் கை வைத்தான். மைக்கை வாங்கிக்கொண்டான்.

"அதோட நிறுத்திக்குவோம் சார்" என்றான்.

தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. சார் இறங்கி வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மைக் இல்லாமல், மீதியை அவளுக்கு மட்டும் சொன்னார். இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது கோபுரம் எழும்பிவிட்டது. நடுவில் சார், பிரான்சிலிருந்து திரும்பிவிட்ட மகளோடு பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார். அம்மா கோயிலுக்குள் போவதில்லை. வெளியே பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பூசை கேட்கிறாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் சாரின் மகள் எனக்குப் போன் பண்ணினாள். பேசி முடித்து அம்மாவிடம் போனேன். சொல்ல ஆரம்பித்ததும் என் வாயில் வந்தது வேறு.

"சாருக்கு ரொம்ப முடியலையாம்மா. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில..."

அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"பையில சோப்பு, துண்டு எடுத்து வக்கணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லு."

"வேண்டாம்மா" என்றேன்.